பயாப்ஸி அறிக்கையில் கேட்க வேண்டியது

முதலில் சோறு நெஞ்சுக்குள் நின்றுகொள்ளும். தண்ணீர் குடித்து இறக்க வேண்டியிருக்கும். போகப் போக இட்லிகூட இறங்காது, கஞ்சிதான். உணவுக்குழாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரிய வருகிறது. எண்டோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்து, பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். புற்றுநோய் என்று முடிவு வந்ததுமே வீட்டார் இடிந்துபோய்விடுகிறார்கள். ஆனால் அதே துணுக்கிலிருந்து இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம்.

செல்களின் மேலுறையில் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் சில, 'வளர், பெருகு' என்ற கட்டளையைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பவை. ஹெர்-2 அப்படிப்பட்ட ஒன்று. சிலருடைய கட்டியில் இது அளவுக்கு மீறி இருக்கும். இதைப் பிடித்து அடக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இரைப்பையிலும், உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலும் வரும் முற்றிய புற்றுநோய்க்கு இது உதவும் என்று 2010-இல் வெளியான 'டோகா' ஆய்வு காட்டியது. கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.1 மாதம், இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.8 மாதம். ஏற்பி மிகுதியாக இருந்தவர்களுக்கு அது 16 மாதம் வரை போனது. பேரனின் காதுகுத்தைப் பார்க்கக் காத்திருப்பவருக்கு அந்த மாதங்களின் அருமை தெரியும்.

துணுக்கில் ஹெர்-2 இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. சாயம் ஏற்றிப் பார்க்கும்போது மார்பகச் செல்லைச் சுற்றிப் பழுப்பு வளையம் முழுமையாகத் தெரியும். இரைப்பை, உணவுக்குழாய் சேரும் இடத்துச் செல்களில் மேல்பக்கம் சாயம் ஏறாமல், நம் 'ப' எழுத்தைப் போலத் திறந்தே இருக்கும். மார்பகத்துக்கான அளவுகோலை வைத்துப் பார்த்தால், இருப்பதையே இல்லை என்று எழுதிவிட நேரும். கட்டியின் ஒரு ஓரத்தில் ஏற்பி இருக்கும், மறு ஓரத்தில் இருக்காது. அதனால்தான் ஆறு முதல் எட்டுத் துணுக்குகள் எடுக்கச் சொல்கிறார்கள். மதிப்பெண் 3 வந்தால் ஏற்பி மிகுதி. 2 வந்தால் சந்தேகம், ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையால் உறுதி செய்ய வேண்டும்.

நம் நாட்டில் அதிகம் வருவது, புகையிலை, மது, பாக்கோடு தொடர்புள்ள ஸ்குவாமஸ் வகை. டோகா ஆய்வு அந்த வகைக்கானதல்ல. அடினோகார்சினோமா என்ற சுரப்பி வகைக்கானது. ஸ்குவாமஸ் கட்டிகளில் பி.டி.எல்-1 என்ற புரதத்தைப் பார்த்து, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து பலன் தருமா என்று கணிக்கிறார்கள்.

ஏற்பி இருந்தாலே அதற்கான மருந்து வேலை செய்துவிடும் என்றும் சொல்ல முடியாது. உணவுக்குழாய்க் கட்டிகளில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி அடிக்கடி மிகுந்திருக்கும். அதைத் தடுக்கும் ஜெஃபிட்டினிப்பைப் பிரிட்டனில் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது: மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. பரிசோதித்துப் பார்க்காமல் எந்த மருந்தையும் நம்பக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எனவே மருத்துவரிடம் கேளுங்கள்: "டாக்டர், இது எந்த வகை? ஹெர்-2 பார்த்தாச்சா? எத்தனை துணுக்கு எடுத்தீங்க?" டிராஸ்டுசுமாப் கொடுத்த பிறகும் நோய் வளர்ந்தால், புதிதாகத் துணுக்கு எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள், சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் ஹெர்-2 மறைந்துவிடுகிறது. வேறு மருத்துவமனைக்குப் போவதானால் அறிக்கையோடு, மெழுகில் பதித்த பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல சோதனைகளை அவற்றிலேயே செய்துவிடலாம். நோயாளி மறுபடி குழாயை விழுங்க வேண்டியிருக்காது.