தோட்ட வாசலில் நிற்கும் கம்பி
(ரஹாங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்த அறக்கட்டளை எவர் நினைவாக ஏற்பட்டதோ அந்தத் தோட்டப் பள்ளி ஆசிரியர், தொழிலாளரின் வெட்டுக்காட்டு அசதி தீர்ந்த மாலை வேளையில், லயம் என்னும் வரிசைவீட்டுத் திண்ணையில் அமர்ந்து ‘தமிழ் நேசன்’ பத்திரிகையை உரக்க வாசிப்பார் என்று, முன்வரிசையிலிருக்கும் முதியோர் சிலர் சற்று முன் என்னிடம் சொன்னார்கள். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன அந்தப் பத்திரிகையின் ஒரே பிரதி ஒரு லயம் முழுவதற்கும் போதுமாயிருந்தது. பத்துப் பேர் கேட்டாலும் செய்தி குறைவதில்லை, காலையில் வந்தது மாலைவரை காத்திருக்கவும் செய்யும். இணையத்தையும் அவ்வாறே பகிர்ந்துகொள்ளலாமே என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள்.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் புகுந்தபோது அந்த வாதம் பொய்த்துப்போயிற்று. காலை எட்டு மணிப் பாடம் எட்டு மணிக்கே நடக்கும். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வகுப்புகள் ஒரே வேளையில் நடக்கும். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியோ, இருள் பிரியுமுன் பெரட்டு என்னும் பேர்ப்பதிவுக்குப் புறப்படும் தகப்பனாரின் சட்டைப்பையில் ஏறிச் செம்பனைக் காட்டுக்குப் போய்விடும். அந்த ஆண்டு மலேசியாவில் 91.7 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு இணைய வசதி உண்டென்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதே ஆண்டில், கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லையென்று கண்டது. இரண்டும் மெய்யே. தகப்பனாரின் சட்டைப்பையை வீடு என்று கொள்வதா, பிள்ளையின் பாய்விரிப்பை வீடு என்று கொள்வதா என்பதைப் பொறுத்தது கணக்கு. சபாவில் ஒரு மாணவி அலை கிடைக்கும் இடம் தேடி மரத்தின்மேல் ஏறியிருந்து பரீட்சை எழுதியதைக் கண்டு தேசமே இரக்கப்பட்டது. மரமும் ஏறாமல், பரீட்சையும் எழுதாமல் லயத்துக்குள் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளையை எவரும் படம் பிடிக்கவில்லை.

தோட்டத்துக்குள் இணையக் கம்பி ஏன் வரவில்லை என்று கேட்டால் பூர்வோத்தரம் சிறிது சொல்லவேண்டும். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இலேயே இருப்புப்பாதை போட்டார்கள். ஈயமும் தோட்டத்து விளைபொருளும் துறைமுகத்துக்குப் போகவேண்டியிருந்தது, ஆகவே காட்டை வெட்டுவது ஒரு சிரமமாகத் தோன்றவில்லை. தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் தோட்டத்து மக்களுக்கு வந்த வேகம் வேறு. தோட்டம் தனியார் நிலம், ஆதலால் கிராம அபிவிருத்திப் பணம் அதன் எல்லைக்குள் நுழையலாகாது என்ற நியாயம் வெகுகாலம் கோலோச்சிற்று. அரசாங்கம் முதலாளியைக் காட்டும், முதலாளி அரசாங்கத்தைக் காட்டுவார். இணையக் கம்பியும் இன்று அதே வாசலில் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் எல்லாருக்கும் சேவை எட்டவேண்டுமென்று ஒரு நிதியையே ஏற்படுத்தி, உரிமம் பெற்ற நிறுவனங்கள் தம் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதில் செலுத்த வகைசெய்திருக்கிறது. பணமில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

மறுபுறம், தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறியபின் சிரம்பானின் ரஹாங் பக்கத்து அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்களுக்குக் கம்பி வாசலுக்கே வந்துவிட்டது. அவர்களுடைய சிக்கல் கட்டணம். 2023 பிப்ரவரியில் அறிமுகமான ‘பாக்கேஜ் பெர்பாடுவான்’ என்னும் மலிவு இணையத் திட்டம் மாதம் 69 ரிங்கிட்டுக்கு 30 மெகாபிட் வேகம் தருவதாக வந்தது. இதை நான் குறைகூற வரவில்லை, நல்ல காரியம். ஆயினும் அது 24 மாத ஒப்பந்தம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் 69 என்பது 4 விழுக்காடு. இணையக் கட்டணம் 2 விழுக்காட்டுக்குள் அடங்கவேண்டுமென்று ஐக்கிய நாடுகளின் அகலக்கற்றை ஆணையம் 2025ஆம் ஆண்டுக்கு வைத்த இலக்கை நம் நாடு சுலபமாக எட்டிவிட்டதாகத் தோன்றுவது, நாட்டின் சராசரி வருமானத்தை அளவுகோலாகக் கொள்வதால்தான். சராசரி மனிதர் எவரும் எங்கள் மாடிப்படியில் ஏறி நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் வேலை நாள் குறைந்து தவணை தவறினால், அடுத்த இணைப்புக் கேட்கும்போது பழைய பாக்கி முதலில் வந்து நிற்கும்.

நம்மவர்க்குத் தவணை புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, மாதம் 10 ரிங்கிட் கட்டும் பால்வெட்டுத் தொழிலாளியைத் தோட்டத்துக்கே பங்குதாரராக்கினார். அன்று சங்கம் உறுப்பினர்களின் சில்லறையைச் சேர்த்து மொத்தமாகப் பேரம் பேசிற்று. ஓர் அடுக்குமாடியின் எண்பது குடும்பங்கள் அவ்வாறே ஒன்றுகூடி, ஒரே ஒப்பந்தத்தில், மழை மாதத்தில் தவணை தள்ளிவைக்கும் நிபந்தனையோடு இணைப்புக் கேட்டால் எந்த நிறுவனமும் காதுகொடுக்கும் என்பது என் துணிபு. தோட்டத்துக்குள் இன்னும் லயத்தில் இருப்போர்க்கு அது போதாது. அங்கே முதலில் கம்பத்தை நட வேண்டும், நடும் இடத்துக்கு நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைச் சட்டத்தின் பேரால் கேட்டுப் பெறும் அதிகாரி எவர் என்பதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி வந்திருக்கிறேன். கூட்டம் கலையுமுன் அது உங்கள் வரிசைக்கு வரும், பேனாவும் கூடவே வரும்.