பந்து ஒன்று, குவளை இரண்டா?

(கரிவலம்வந்தநல்லூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆலையில் ஷிப்டு முடித்து வந்தவர்களும், வயலிலிருந்து நேரே வந்தவர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். உங்களிடம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப்போகிறோம். மகாராஜாக்களும் துரைமார்களும் ஆடிய ஆட்டத்தோடு நமக்கென்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாம் பேசப்போவது மகாராஜாவைப் பற்றியல்ல. ஆடுகளத்தைப் பெருக்கிய ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றி. அவர் பெயர் பல்வங்கர் பாலு.

1876-ல் பிறந்தவர் பாலு. தோல் வேலை செய்யும் சமார் சாதி. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்த மக்கள். பூனாவில் பார்சிக்காரர்களின் கிளப் ஒன்றில் களத்தைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் அமர்த்தப்பட்டார். மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப்புக்குப் போனார். அங்கே சம்பளம் 4 ரூபாய். களத்தைச் சமன் செய்வது, கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர் வேலை.

அதோடு விட்டார்களா? துரைமார்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்கு மணிக்கணக்கில் பந்து வீச வைத்தார்கள். இடது கையால் வீசி வீசி, பந்தைச் சுழலவிடும் வித்தையில் பாலு கைதேர்ந்துவிட்டார். ஆனால் ஒரு நாளாவது மட்டையை அவர் கையில் கொடுத்தார்களா? இல்லை. வீசுவது வேலைக்காரன் பாடு; அடிப்பது எஜமான் உரிமை!

பாலுவின் திறமை ஊரெங்கும் பரவியது. பூனா இந்துக்களின் கிளப்புக்கு வெள்ளையரை வெல்ல ஆசை. பாலு இல்லாமல் வெல்ல முடியாது. ஆனால் தீட்டு? கடைசியில் ஒரு வழி கண்டார்கள். களத்தில் பாலு வீசிய பந்தை எல்லோரும் தொடலாம். களத்துக்கு வெளியே பாலுவைத் தொடக்கூடாது! மற்றவர்கள் கொட்டகைக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் கிண்ணம். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம்.

தோழர்களே! சிரட்டையும் இரட்டைக் குவளையும் கண்ட நம் சீமைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? உழைப்பு தீட்டில்லை, அந்த உழைப்பில் விளைந்த நெல் தீட்டில்லை, உழைத்த மனிதன் மட்டும் தீட்டு! இந்த நியாயத்தைத்தான் கிரிக்கெட் களத்திலும் நடத்தினார்கள்.

பாலு பந்தாலேயே பதில் சொன்னார். 1906-ல் பம்பாயில் இந்துக்கள் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதின. இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. ஆண்ட வெள்ளையர் 109 ரன்களில் தோற்றார்கள். பாலு வீழ்த்திய விக்கெட்டுகள் 8. அமெரிக்காவில் ஜாக்கி ராபின்சன் என்ற நீக்ரோ வீரர், வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய பேஸ்பால் பந்தயங்களில் நுழைந்தது 1947-ல். அதற்கு 41 ஆண்டுகளுக்கு முன்பே பாலு சாதித்தது இது!

1911-ல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. தலைவர் பாட்டியாலா மகாராஜா. அவர் விருந்துகளுக்குப் போனார். பாலு பந்து வீசினார். அந்தப் பயணத்தில் அவர் எடுத்தவை 114 விக்கெட்டுகள். ஊர் திரும்பியதும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு விழா எடுத்தார்கள். வரவேற்புப் பத்திரத்தை எழுதியவர் இளைஞர் அம்பேத்கர்.

இத்தனை செய்தவரை இந்துக்கள் அணி காப்டனாக்கியதா? இல்லை! ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பதவி உயர்சாதிக்காரருக்கே போயிற்று. 1920-ல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். காப்டன் பாய் நோயுற்றபோது, இன்னொரு பிராமணரான தேவ்தரைக் காப்டனாக்கினார்கள்.

அப்போது பாலுவின் தம்பிகள் சிவராமும் விட்டலும் என்ன செய்தார்கள் தெரியுமா? 'நாங்கள் ஆட மாட்டோம்' என்று விலகினார்கள். ஆம், வேலைநிறுத்தம்! கெஞ்சிப் பார்த்துக் காலம் கடத்தவில்லை. தங்கள் உழைப்பை நிறுத்திக் காட்டினார்கள். ஊரெல்லாம் இதே பேச்சாயிற்று. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் தம்பிகள் மீண்டும் ஆடினார்கள். பாலு உதவிக் காப்டனாக அழைக்கப்பட்டார். குணமாகி வந்த பாய், ஆட்டத்தின் நடுவே வேண்டுமென்றே வெளியேறி, பாலு அணியை நடத்த வழிவிட்டார். 1923-ல் விட்டல் காப்டனானார். அந்த ஆண்டு கோப்பையும் இந்துக்களுக்கே கிடைத்தது. தீண்டத்தகாதவர் என்ற குடும்பத்துப் பிள்ளையைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள்!

பாலு பிறகு அரசியலில் காங்கிரஸ் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். அதில் நாம் எந்தப் பக்கம் என்பது வேறு விஷயம். களத்தில் அவர் உடைத்த சுவர் உடைந்ததுதான். 1955-ல் காலமான அவர் பேருக்குக்கூட முழுக் காப்டனாக இருந்ததில்லை.

தோழர்களே! பாலுவின் திறமை அவரை அணியில் சேர்த்தது. ஆனால் திறமை மட்டும் தலைமையைத் தரவில்லை. தம்பிகள் சேர்ந்து நின்று மறுத்த பிறகே கதவு திறந்தது. 1950-ல் வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. ஆனால் சட்டம் தானாக நடந்து நம் தெருவுக்கு வராது. நம் பிள்ளைகள் ஒன்றாகக் கபடி ஆடுகிறார்கள். ஒருவர் காலை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள். ஆட்டம் முடிந்தால் ஒரே பந்தியில் உட்காரட்டும். ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கட்டும். எவருக்காவது தனிக் குவளை வைத்தால், மொத்த அணியும் எழுந்து வெளியே வரட்டும்!