முறிந்த முழங்காலும் மாற்று மூட்டும்



வைகறையில் எழுந்து, ஈரம் காயாத சரிவுகளில் மரத்துக்கு மரம் நடப்பவர்கள் நீங்கள். தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும் குந்தியும் உழைக்கும் உங்களுக்கு முழங்காலே மூலதனம். அதனைக் காப்பது குறித்துச் சில கூற விழைகிறோம்.

சரிவில் வழுக்கியோ, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ முழங்காலை முறித்துக்கொண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். எலும்பு கூடியதும் அவர் வேலைக்குத் திரும்புகிறார். பல ஆண்டுகள் கழித்து அதே காலில் வலி தலைகாட்டுகிறது. வயதாகிவிட்டது என்று அவர் வாளாவிருந்து விடுகிறார். காரணம் வயது மட்டுமன்று. முறிவு மூட்டின் உட்புறம்வரை சென்றிருந்தால், எலும்பு முனைகளை மூடியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு சிதைகிறது. எலும்பு கூடும், குருத்தெலும்போ முன்போல் வளர்வதில்லை. கால் சற்றுக் கோணிக் கூடினாலும், உடற்பாரம் ஒரு புறமே அழுத்தி மூட்டைத் தேய்க்கிறது.

வேலை போய்விடுமோ என்று அஞ்சி வலியை மறைக்காதீர்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடல் எடையைக் குறைப்பதும், தொடைத் தசைக்குப் பயிற்சி அளிப்பதும், வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல் பிடிப்பதும் பலருக்குப் போதுமானவை.

இவை பயன்தராமல், இரவிலும் வலி உறக்கத்தைக் கெடுக்குமாயின், மாற்று மூட்டுச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இன்றைய மாற்று மூட்டுகளுக்கு முன்னோடியான ஒன்று 1974ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பொருத்தப்பட்டது. இச்சிகிச்சையில் காலையே அகற்றுவதில்லை. தேய்ந்த எலும்பு முனைகளை மட்டும் செதுக்கி, உலோக உறைகளைப் பொருத்தி, இடையே உறுதியான பிளாஸ்டிக் தகட்டை வைக்கின்றனர். இத்தகைய மூட்டுகளில் பத்தில் எட்டு, 25 ஆண்டுகள்வரை உழைக்கின்றன.

எனினும், முன்பு முறிந்த கால் மற்றக் காலைப் போன்றதன்று. பழைய தகடும் திருகாணியும் உள்ளே இருக்கலாம். அவற்றை முதலில் அகற்ற நேரிடலாம். தோல் தழும்பேறியிருக்கும். ஆதலால் கிருமி தொற்றுவதும் மூட்டு விறைத்துப் போவதும் சற்று அதிகம். பழைய எக்ஸ்ரே படங்களையும் மருத்துவச் சீட்டுகளையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் அதனை முன்னரே கட்டுப்படுத்த வேண்டும்.

அறுவை முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மறுபாதி உங்கள் கையில் உள்ளது. வலித்தாலும் மருத்துவர் சொன்னபடி காலை மடக்கி நீட்டிப் பழகுங்கள். காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு, கெண்டைக்கால் வீக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடை இலகுவாகும்; ஆயினும் குந்துவதும் பெருஞ்சுமை தூக்குவதும் தகா. தகுந்த மாற்று வேலையைப் பற்றி நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் முன்கூட்டியே பேசுங்கள்.

இறுதியாக ஒன்று. வேலையின்போது விழுந்தால், சிறு அடியென்று விடாமல் அன்றே நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உங்களுக்காகவே ஏற்பட்டது. இன்று பதிவாகும் விபத்தே, பிற்காலத்தில் கால் தேயும்போது உங்களுக்குச் சான்றாக நிற்கும்.

வலியைப் பொறுப்பது வீரமன்று. காலத்தில் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.