மண் வேலைக்கும் பேர் வேண்டும்



மண் மூடியையும் மண் வளத்தையும் பற்றிய கருத்தரங்கைப் பண்டாரவளையில் கூட்டியது பொருத்தம். இந்த மாதத்தில் கூட்டியது இன்னும் பொருத்தம். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் பக்கத்திலும் நுவரெலியா பக்கத்திலும் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக அப்புத்தளை மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும் காலம் இது. இந்தக் காற்று கொழுந்தை வாட்டுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் தனி விலையும். அதே காற்று பத்தனைப் புல்வெளிகளை உலர்த்துகிறது. எல்ல, ஹல்துமுல்ல, பெரகல பக்கங்களில் மலைகள் பற்றி எரிகின்றன. புரட்டாசி கடந்து ஐப்பசி பிறந்ததும் இடைப்பருவ மழை இடியோடு வருகிறது, அதன் பின்னாலேயே வடகீழ்ப் பருவமழை. வெயிலில் காய்ந்து, தீயில் கருகி, மேலே ஒரு புல்லும் இல்லாமல் கிடக்கும் சரிவின்மேல் ஆண்டின் மிகக் கடுமையான மழை விழுவது ஊவாவின் தலைவிதியாகிவிட்டது. இயற்கை எழுதிய விதி அதில் பாதிதான். மற்றப் பாதியை மனிதர் எழுதினார்கள்.

கோப்பிக் காலத்தில் அது தொடங்கியது. 1840இன் தரிசு நிலச் சட்டத்துக்குப் பிறகு காடுகள் விற்கப்பட்டு வெட்டி எரிக்கப்பட்டன. சரிவுகளில் மேலிருந்து கீழாக வரிசை பிடித்துக் கோப்பி நட்டார்கள். ஒரு புல்கூட இல்லாமல் சுரண்டி வைத்த மலையே நல்ல துரையின் அடையாளம் என்று அக்காலத்தார் நம்பினார்கள். காட்டின் அடியில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த கறுப்பு மண் அப்படியே ஆற்றில் போனது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். நோய்க்கு முன்பே மண் மெலிந்திருந்ததை அதே அழுத்தத்தோடு யாரும் சொல்லித் தருவதில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தொடங்கிய தேயிலை, ஊவாவில் பெரும்பாலும் கோப்பி தின்று தீர்த்த மண்ணின்மேல்தான் ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் டம்பத்தென்னையை வாங்கியபோது அந்தச் சரிவுகள் ஏற்கெனவே ஒரு தலைமுறை மழையைத் தாங்கி முடித்திருந்தன.

இதை அறியாமல் செய்தார்கள் என்று மன்னித்துவிடலாம், அறிந்த பிறகு செய்ததை எப்படி மன்னிப்பது? இலங்கையில் மண்ணரிப்பை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. பேராதனைச் சரிவுகளில் ஹொலண்டும் ஜோக்கிமும் மண் இழப்பை அளந்து 1933இல் வெளியிட்டார்கள். மண் காப்புச் சட்டம் 1951இல் நிறைவேறியது, 1996இல் திருத்தப்பட்டது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தோன்றியது. அதன் ஊவாக் கிளை பசறையில் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் இதே பண்டாரவளையில் இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையில் 2005 முதல் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நாம் ஏங்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நமக்குத் தெரிந்த ஒன்றை ஏன் செய்யவில்லை என்பதே இன்றைய கேள்வி.

தெரிந்தது என்ன என்பதை மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு எட்டு ஒன்பது மீற்றர் வேகத்தில் தரையில் விழுகிறது. திறந்த மண்ணில் அது விழுந்தால் மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. அதன் பிறகு நீர் உள்ளே இறங்காது, மேலே ஓடும், ஓடும்போது மண்ணையும் உரத்தையும் கொண்டுபோகும். அதே துளி புல்லின்மேலோ சருகின்மேலோ விழுந்தால் வேகம் அடங்கி, சொட்டி, ஊறும். சருகு மக்கி மண்புழுவுக்கு உணவாகும். புழுவின் வழி நீருக்கு வழியாகும். மத்திய மலைநாட்டில் 1980களில் செய்த அளவீடுகளின்படி, காப்பு வேலை எதுவும் இல்லாத பழைய விதைத்தேயிலை நிலத்திலிருந்து ஆண்டுக்கு ஹெக்டேயருக்குச் சுமார் 40 தொன் மண் போகிறது. நன்றாகப் பராமரித்த தேயிலையில் அது ஒரு தொன்னுக்கும் கீழ். நாற்பது தொன் என்றால் ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் மேல்மண். அந்தக் கணக்கில் ஒன்பது ஆண்டுக்குள் ஓர் அங்குலம் போய்விடும். மலைச்சரிவில் ஓர் அங்குல மண் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும்.

ஊவாவின் தேயிலை மலைகளில் நடக்கும்போது இந்த எண்களைக் கண்ணால் பார்க்கலாம். செடியின் தூர் தரையைவிட ஒரு சாண் உயர்ந்து, வேர்கள் வெளியே நிற்கின்றன. முதலில் நட்டபோது தரை எங்கே இருந்தது என்று அந்த வேர்க்கழுத்து காட்டுகிறது. செடிகளுக்கிடையில் சரளைக்கல்லே மிஞ்சியிருக்கிறது. அங்கே கொட்டும் யூரியாவில் எவ்வளவு செடிக்குப் போகிறது, எவ்வளவு உமா ஓயா வழியாக ரந்தெம்பே நீர்த்தேக்கத்துக்குப் போகிறது என்பதை நாணயமாகக் கணக்குப் பார்த்தால், 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தபோது தோட்டங்கள் ஏன் அப்படித் தடுமாறின என்பதும் விளங்கும். சேதனப் பொருள் நிறைந்த மண் ஓரிரு ஆண்டு தாக்குப்பிடிக்கும். நம் மண்ணில் அந்தச் சேமிப்பு இல்லை. இயற்கை முறைக்கு மாறுவது தவறென்று நான் சொல்லவில்லை. இதல்கசின்னையில் 1980களின் இறுதியிலேயே இயற்கை முறைத் தேயிலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் மண்ணைத் தேற்றி எடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் என்பதுதான் அதில் பாடம். வர்த்தமானி அறிவித்தலால் மண் வளராது.

இனி மருந்தைப் பற்றிப் பேசலாம். அது புதிதொன்றும் இல்லை, தோட்டத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரிந்ததுதான். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே கன்று வைக்கக் கூடாது. குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ நட்டு, பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வரை வளர்த்து, அவ்வப்போது வெட்டி அங்கேயே பரப்ப வேண்டும். வேர் மண்ணைக் கட்டும், தழை மண்ணை மூடும், வேரைத் தாக்கும் நூற்புழுவையும் மானாப்புல் அடக்கும். நிழலுக்கும் தழைக்கும் முள்ளுமுருங்கையும் கிளிரிசிடியாவும் வேண்டும். சம உயரத்தில் கான் வெட்டி, ஓடிவரும் மண் தங்குவதற்கு இடையிடையே தடுப்பு விட்டு, மழைக்கு முன் தூர்வார வேண்டும். களை எடுக்கும்போது இலுக்கையும் கொடியையும் எடுத்துவிட்டு, வல்லாரை, புளியாரை போன்ற மென்மையான, தரையோடு படரும் செடிகளை விட்டுவைக்க வேண்டும். கவ்வாத்து முடிந்த மலையில் வெட்டிய சிறுகிளைகளான மிலாறைப் பரப்பி விடவேண்டும்.

ஒவ்வொன்றையும் ஏன் செய்வதில்லை என்று கேளுங்கள். ஆய்வுக்கட்டுரை சொல்லாத விடை கிடைக்கும்.

புல் வளர்க்கும் இரண்டு ஆண்டும் அந்த மலையில் கொழுந்து இல்லை. வருமானம் இல்லாத மலைக்குச் செலவு செய்ய கம்பனிகள் எளிதில் முன்வருவதில்லை. அரசு 1992 முதல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் முகாமைக்கும் குத்தகைக்கும் கொடுத்தபோது மண்ணின் ஆழத்தை யார் அளந்தார்கள்? நிலத்தைத் திருப்பித் தரும்போது என்ன நிலையில் தரவேண்டும் என்று கேட்கப்படாத குத்தகைக்காரன் நிலத்தைக் கறந்துவிட்டுப் போவான். இதில் கம்பனியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, குத்தகை எழுதியவர்களையும் கேட்க வேண்டும்.

மிலாறு கதை இன்னும் நெருக்கமானது. கவ்வாத்து மலையில் விழுந்த மிலாறு வெயிலில் காய்ந்ததும் அடுப்புக்குப் போகிறது. மண் விஞ்ஞானி அதைப் பார்த்தால் மூடாக்கு களவுபோகிறது என்பார். லயத்தில் இருக்கும் தாய் அதைப் பார்த்தால் பிள்ளைக்குச் சோறு என்பாள். 2022இல் எரிவாயு கிடைக்காமல் நாடே விறகுக்கு ஓடியபோது இந்தப் போட்டி எவ்வளவு கூர்மையானது என்று எல்லோரும் கண்டோம். தாயைக் கண்டித்து மிலாறைக் காப்பாற்ற முடியாது. தோட்ட எல்லையிலும் ஓடைக்கரையிலும் விறகுக்கென்று மரம் வளர்த்துக் கொடுத்தால், மிலாறு மலையிலேயே கிடக்கும்.

களைக்கும் இதே கதை. 2015இல் கிளைபோசேற் களைகொல்லியைத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்தார்கள். இந்த இழுபறியில் இரு பக்கமும் மருந்தைப் பற்றியே பேசின. கையால் தெரிந்தெடுத்துக் களை பிடுங்கும் வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று யாரும் பேசவில்லை. நல்ல செடி எது, கெட்ட செடி எது என்று பிரித்தறியும் கண் வேண்டிய வேலை அது. எங்கள் தாய்மாருக்கு அந்தக் கண் இருக்கிறது. நேரந்தான் இல்லை, கொழுந்தின் கிலோக் கணக்கு அவர்களை விரட்டுகிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் பேர் போடுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். சம்பளப் பேச்சுவார்த்தைகள் எல்லாம் கொழுந்தின் கிலோவைச் சுற்றியே நடக்கின்றன. கான் வெட்டு, முள்ளுக்குத்து, புல் நடவு, மூடாக்குப் பரப்பல், கல்லுக்கட்டுத் திருத்தல் ஆகிய வேலைகள் செலவுப் பக்கத்தில் எழுதப்படுகின்றன. விலை விழுந்த ஆண்டில் முதலில் வெட்டப்படுவதும் அவைதான். ஊவாவின் மண் காப்பு ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக இருந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று அது கூலிச் சிக்கல், காணிச் சிக்கல். மண்ணை மூடும் வேலைக்குப் பேர் விழாதவரை மண் மூடப்படாது.

தோட்ட எல்லைக்கு வெளியே பத்தனையைப் பார்ப்போம். பண்டாரவளை, தியத்தலாவை, வெலிமடைப் பக்கப் புல்மேடுகளைப் பயனற்ற நிலம் என்று எண்ணி, கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பைனஸும் யூகலிப்டஸும் நட்டார்கள். பைனஸ் ஊசி காய்ந்தால் எண்ணெய்போல் எரிகிறது. மாடு மேய்ப்பவர்கள் இளம் தளிருக்காகப் பழைய புல்லுக்குத் தீ வைப்பது பழைய வழக்கம். கினிப்புல் பெருகிய பிறகு அந்தத் தீ முன்னைவிட உயரமாக எரிகிறது. தீ வைக்காதே என்ற பலகை நட்டு இது நிற்காது. வறட்சியில் மாட்டுக்கு என்ன போடுவது என்பதற்கு முதலில் விடை வேண்டும். கோயம்புத்தூரில் உருவான கோ-3 புல் நம் லயங்களின் பின்புறத்திலும் இன்று வளர்கிறது. கான்கரையில், சரிவு விளிம்பில், வேலியோரத்தில் அதை நட்டு வெட்டிப்போட்டால் மாடும் நிறையும், கரையும் நிற்கும், சாணம் தோட்டத்துக்கு வரும். மேய்ச்சலை முழுக்க விடவும் வேண்டாம். பத்தனையைத் துண்டு துண்டாகப் பிரித்து மாறி மாறி ஓய்வு கொடுத்தால் புல் வேரூன்றும். இதைக் கிராமத்தோடும் தோட்டத்தோடும் சேர்ந்து செய்து பார்க்கும் விரிவான ஆய்வு நமக்குத் தேவை. இளம் ஆய்வாளர்களிடம் நான் கேட்கும் முதல் காரியம் இது.

வெலிமடை, ஊவா பரணகமப் பக்க உருளைக்கிழங்கு, மரக்கறிச் சரிவுகளைப் பற்றி இரண்டாம் அமர்வில் விரிவாகப் பேசுவார்கள். கிழங்கு கிண்டும் நாளில் மழை வந்தால் என்ன ஆகும் என்று அந்த விவசாயிகளே சொல்லட்டும்.

மீரியபெத்தையைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் மண்ணைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மண் மறுபடியும் பலரைப் புதைத்தது. அறிஞர் சபையில் ஒன்றைத் துல்லியமாகச் சொல்லவேண்டும்: ஆழத்திலிருந்து பெயரும் மண்சரிவைப் புல் நட்டு நிறுத்த முடியாது. பாறையமைப்பும் ஊறிய நீரும் அதைத் தீர்மானிக்கின்றன. அத்தகைய இடத்திலிருந்து மக்களைக் குடிபெயர்த்து, பாதுகாப்பான காணியில் வீடு கட்டிக் கொடுப்பதுதான் தீர்வு. மண் மூடியைப் பேசும் நாம் அந்தப் பொறுப்பை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. ஆனால் மேல்மண் வழிந்தோடுவதும், தூர்வாராத கான் உடைந்து ஓரிடத்தில் நீர் கொட்டுவதும் நம் கையில் உள்ளவை.

மலையகத் தமிழர் இந்த மலைகளுக்கு வந்து 200 ஆண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த 200 ஆண்டும் பராமரித்த மண்ணில் அவர்களுக்கு உரிமை இல்லை. வீடு கட்ட வாக்களித்த ஏழு பேர்ச் காணி பலருக்கு இன்னும் பேச்சளவில் நிற்கிறது. நாளை தன்னதல்ல என்று தெரிந்த நிலத்தில் பத்து ஆண்டில் பயன்தரும் மரத்தை யார் நடுவார்? கம்பனிகள் கைவிட்டுக் காடாய்க் கிடக்கும் மலைகளை, நீண்டகால உரிமையோடும் மண் காப்பு நிபந்தனையோடும் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். லயத்தின் பின்னால் ஒரு சாக்கு அகலமுள்ள இடத்தில் சாணமிட்டு அவர்கள் வளர்க்கும் கீரைப்பாத்தியின் மண்ணை எடுத்து, பக்கத்துத் தேயிலை மலையின் மண்ணோடு சேர்த்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். எந்தக் கையில் மண் தேறுகிறது என்று அந்த அறிக்கை சொல்லட்டும்.

நண்பர்களே, இந்தச் சபையிடம் என் வேண்டுகோள்கள் இவை. குத்தகை புதுப்பிக்கும்போதெல்லாம் மண்ணின் ஆழத்தையும் சேதனப் பொருளையும் அளந்து பதியச் சொல்லி அரசுக்கு எழுதுங்கள். மண் காப்பு வேலையைக் சம்பள ஏற்பாட்டில் முழுப்பேர் வேலையாகச் சேர்க்கும்படி தொழிற்சங்கங்களிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள். இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையின் முடிவையும் தமிழிலும் சிங்களத்திலும் எளிய நடையில் எழுதி, மண் மாதிரி எடுத்த தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களுடைய மண்ணை அளந்த கணக்கு அவர்களுக்குத்தான் முதலில் தெரியவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.