தங்கையின் வகுப்பில் ஒரு நாள்



நானும் என் தங்கையும் இரட்டையர். ஒரே பெஞ்சில் படித்தோம். ஒரே ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பாடக்குறிப்பு எழுதிப் பழகினோம். ஆனால் அவள் பாடம் நடத்தி நான் பார்த்தது கடந்த டிசம்பரில்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்துமஸ் விடுமுறை விடுவதற்கு முந்தைய நாள் அது. சி.எல். எழுதிக் கொடுத்துவிட்டு, தூத்தூர்ப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் அவள் பள்ளிக்குப் போனேன். இரண்டாம் வகுப்பு.

வாசலில் என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி என்னைப் பார்த்தார்கள். ஒரு சிறுமி மட்டும் குழம்பவில்லை. "நீங்க எங்க டீச்சருக்க அக்காதானே? எங்க டீச்சர் தரையிலதான் இருப்பாங்க" என்றாள். உண்மைதான். தங்கை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் மூங்கில் சிம்புகள், சணல், வண்ணக் காகிதம்.

அந்தக் கரையின் டிசம்பரை நம் மாவட்டத்தார் அறிவீர்கள். ஆழ்கடலுக்குப் போன அப்பாக்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குக் கரை சேரும் மாதம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அங்கே துக்கத்தில் கழிந்தது. அதனால் அந்த ஊரில் நட்சத்திரம் கட்டுவதை வெறும் அலங்காரம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஆள் வருகிறது என்பதற்கு அது அடையாளம்.

தங்கை அதைக் கணக்குப் பாடமாக்கியிருந்தாள். "ஒரு நட்சத்திரத்துக்கு அஞ்சு சிம்பு. ரெண்டு நட்சத்திரம் கட்டி, முனையோட முனை சேர்க்கணும். நடுவுல உப்பி நிக்க அஞ்சு குட்டைக் கம்பு. மொத்தம் எத்தனை வேணும்?" ஒரு பையன் பன்னிரண்டு என்றான். பெரும்பாலான வகுப்புகளில் அந்த விடை அந்த இடத்திலேயே திருத்தப்பட்டிருக்கும். தங்கை ஒன்றும் சொல்லாமல் பன்னிரண்டை எண்ணி அவன் கையில் கொடுத்தாள். இரண்டு நட்சத்திரமும் கட்டியாயிற்று. நடுவில் இரண்டு கம்பு வைத்தான். ஒரு பக்கம் உப்பியது, மறுபக்கம் சப்பிப்போய்க் கிடந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து, "டீச்சர், இன்னும் மூணு" என்றான். "அப்போ எத்தனை?" என்று கேட்டாள். விரல் விடாமல் "பதினஞ்சு" என்றான்.

தோழர்களே, அந்த ஒரு கால் மணி நேரத்தில் நான் கற்றதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் படித்ததில்லை. தவறான விடை சொன்ன பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, அந்த நேரத்தில் ஆசிரியர் தன் வாயை எப்படிக் கட்டிக்கொள்வது என்பதை அச்சடித்துக் கொடுக்க முடியாது. பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் முடியும்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். திரும்பி வந்து தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவியாசிரியர்கள் ஒத்துவரவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் அதை எழுதி அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பெயர் தெரியாத நம் ஊர் வாத்தியார் ஒருவரின் வகுப்பு, எட்டிப் பார்க்கும்படி திறந்து கிடந்ததால் நடந்த காரியம் இது.

ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதையே முறையாகச் செய்கிறார்கள். பலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரம் குறிப்பேட்டோடு நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். அன்றே உட்கார்ந்து பேசுவார்கள். மதிப்பெண் போடுவதில்லை. பிள்ளை எந்த இடத்தில் தடுக்கியது என்பதுதான் பேச்சு.

நம்மிடம் என்ன நடக்கிறது? வகுப்புக்குள் வரும் பெரியவர் வட்டாரக் கல்வி அலுவலர்தான். அவர் வரும் நாளில் நாமும் பிள்ளைகளும் வேறு ஆட்களாகிவிடுகிறோம். பயிற்சிக்குக் குறுவள மையத்தில் கூடுகிறோம், திரையில் ஓடுவதைப் பார்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம். அந்த அறையில் ஒரு பிள்ளைகூட இருப்பதில்லை. அங்கே ஒரு வகுப்பைக் கொண்டுவந்து உட்கார வையுங்கள் என்று கேட்கிறேன். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையிலிருந்து தொடங்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. அரும்பில் இருக்கும் பிள்ளையை மொட்டுக்குக் கொண்டுவந்த ஆசிரியர் அடுத்த தெருப் பள்ளியில் இருக்கிறார். அவரை நாம் போய்ப் பார்க்க வழி வேண்டும்.

தலைமை ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தேர்வு முடிந்து விடுமுறை விடுவதற்குள் கையில் ஒரு நாள் கிடைக்கும். விடைத்தாள் கட்டுக்கட்டாக இருக்கும், தெரியும். அதிலிருந்து அரை நாளைப் பிரித்து, உங்கள் பள்ளியிலிருந்து ஒருவரைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். அதிகாரியாக அல்ல, அக்காவாக, அண்ணனாகப் போகட்டும்.

முதலில் என் வகுப்பைத் தருகிறேன். ஜனவரியில் பள்ளி திறந்ததும் எந்த நாளும் வரலாம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். நான்காம் வகுப்பு, கீழ்த்தளம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் அறை. முதல் ஆளாக என் தங்கை வருகிறாள். அவளோடு இன்னும் நான்கு பேர் உட்கார இடம் இருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.