வேலையில்லாமை தலையெழுத்தா?

(தூத்துக்குடியில் ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமி உண்டா, இல்லையா என்பதல்ல. அதைப் பற்றிப் பல தடவை பேசியாகிவிட்டது, இனியும் பேசுவோம். இன்று பேசப்போவது பள்ளிக்கூடம், கைக்குழந்தை, வேலை ஆகிய மூன்று சங்கதிகளைப் பற்றி. இவைகளுக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நிரம்பச் சம்பந்தம் இருக்கின்றது. பிள்ளை படிக்காவிட்டால் "அவன் தலையில் எழுதவில்லை" என்கிறோம். படித்தவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் "நேரம் சரியில்லை" என்று ஜோசியன் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று சொல்லிவிடுகிறோம். மரம் வைத்தவன் எந்த ஊரில் வந்து தண்ணீர் ஊற்றினான்? இந்த ஊரில் குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் காத்து நிற்கிறவர்கள் நம் பெண்கள்தானே தவிர, மரம் வைத்தவனை அங்கே யாரும் கண்டதில்லை.

தோழர்களே! இந்தக் கடற்கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவன் இருந்தான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவன் உத்தியோகம். 19 ஆம் நூற்றாண்டில் எமர்சன் டென்னென்ட் என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர், எதிர்க்கரையில் இலங்கையில் நடந்த சலாபத்தைப் பற்றி எழுதியபோது, அந்த மந்திரக்காரனுக்குச் சர்க்காரே கூலி கொடுத்தது என்றும், அந்த உத்தியோகம் பரம்பரைப் பாத்தியதை என்றும், அப்போது அதிலிருந்தவன் ஒரு கத்தோலிக்கன் என்றும் எழுதியிருக்கின்றார். மதம் மாறியும் மந்திரம் மாறவில்லை, சம்பளமும் நிற்கவில்லை. சுறாவுக்கு மந்திரம் ஓதக் கஜானாவில் பணம் இருந்தது. ஆனால் மூச்சடக்கிக் குளித்தவன் மேலே வராமற்போனால் அவன் பெண்சாதி பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? "கடலம்மா கொண்டு போய்விட்டாள்" என்பதுதான் ஏற்பாடு. தூத்துக்குடிச் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு என்பது வழக்கமாயிருந்தது. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்கு என்று எழுதியது பிரம்மாவா? கச்சேரியில் உட்கார்ந்திருந்த மனிதன்தானே! மனிதன் எழுதியதை மனிதன் மாற்றலாம் என்பதுதான் நாம் சொல்லவந்த முதல் விஷயம்.

இனி 1953 ஆம் வருஷத்துக்கு வருவோம். அப்போது ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை ஒரு புதுக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மற்ற நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்கவேண்டும். இதற்குத்தான் நம் மக்கள் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1954 இல் ஆச்சாரியார் பதவியை விட்டு விலகினார், காமராசர் வந்தார், அந்த வருஷத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது.

இந்தத் திட்டத்தை நம்மூர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். 1953 இல் எட்டு வயதுள்ள ஒரு முத்துக்குளிகாரன் மகனை அரைநாள் பள்ளியில் வைத்து, மீதி நேரம் தகப்பனோடு தோணியில் ஏற்றியிருந்தால், 1961 இல் அவன் பதினாறு வயது வாலிபன். தொழில் கற்றுத் தேர்ந்திருப்பான். அந்த 1961 தான் தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்த வருஷம்! பிறகு நடக்கவேயில்லை. தொழிலைக் கற்று முடித்த வருஷத்தில் தொழிலே முடிந்துபோயிருக்கும். அரைப் படிப்பும் இல்லாத தொழிலுமாக அவன் என்ன செய்வான்? 1974 இல் நம் துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. முதுகில் மூட்டை சுமந்த இடத்தில் நாளடைவில் யந்திரம் வந்து பெட்டி பெட்டியாகத் தூக்குகின்றது. அந்த யந்திரத்தை ஓட்டத் தகப்பன் தொழில் போதாது, படிப்பு வேண்டும். ஆகவே, தகப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுகிறவன் சாதியைக் காப்பாற்றுகின்றான் என்பது மட்டுமல்ல, வேலையில்லாதவனை உற்பத்தி செய்கின்றான் என்றும் நாம் சொல்லுகிறோம்.

சரி, பள்ளிக்கூடம் கட்டிவிட்டால் பிள்ளை வந்துவிடுமா? பசியோடு இருக்கிற பிள்ளை வராது. இதை முதலில் உணர்ந்து காரியம் செய்தவர்கள் ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள். 1920 இல் சென்னை நகரசபையில் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில், பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாத செலவில் பகல் சாப்பாடு போட்டார்கள். பிறகு 1956 இல் காமராசர் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கியது எங்கே? இதோ பக்கத்திலிருக்கிற எட்டயபுரத்தில்! 1982 இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கும் பால்வாடியில் சோறு கிடைத்தது. சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் ஆதரவற்ற பெண்களையும் விதவைகளையும் முதலில் எடுத்தார்கள். 1989 இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரு கவளம் சோற்றினால் மூன்று காரியம் நடந்தது. பிள்ளை பள்ளிக்கு வந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டன. புருஷனை இழந்தவள் என்று மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண் மாதச் சம்பளம் வாங்கினாள். "விதவை முகத்தில் விழிக்காதே" என்று சாஸ்திரம் சொல்லிற்று. சர்க்கார் அவள் கையால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடச் சொல்லிற்று. எந்தப் பிள்ளைக்கும் ஒரு கெடுதலும் வந்துவிடவில்லை. நாம் ஆயிரம் மேடையில் பேசிச் செய்கிற பிரசாரத்தை ஒரு சத்துணவுக் கூடம் பேசாமலே செய்துவிட்டது.

ஆனால் தாய்மார்களே! கதை இதோடு முடியவில்லை. நம் ஊருக்கு வெளியே உப்பளங்கள் இருக்கின்றன. அங்கே வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே வேலை தொடங்குகின்றது. பாத்தியில் உப்பு வாருவதும், கூடையைத் தலையில் வைத்துக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். அந்த நேரத்தில் பால்வாடி திறந்திருக்குமா? திறந்திருக்காது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்களேயொழிய, வைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் அந்தக் கைக்குழந்தையை யாரிடம் விடுவது? வீட்டிலிருக்கிற பத்து வயதுப் பெண்ணிடம். அவளும் ஒரு குழந்தைதான்! ஆண்பிள்ளை பள்ளிக்கூடம் போவான். பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் சுமப்பாள். முதலில் வாரத்தில் ஒரு நாள் நிற்பாள். பிறகு மூன்று நாள். பிறகு பெயர் அடிபட்டுப்போகும். பத்து வருஷம் கழித்து அவளும் அதே பாத்தியில், அதே கூடையோடு நிற்பாள். இதைத்தான் விதி என்கிறார்கள். விதியல்ல தோழர்களே, காலை நாலு மணிக்குத் திறந்திருக்க ஒரு தொட்டில் அறை இல்லாமற்போனதன் பலன்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1948 இல் செய்த தொழிற்சாலைச் சட்டத்தில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பறை வைக்கவேண்டும் என்று எழுதினார்கள். 1976 இல் அதை 30 என்று குறைத்தார்கள்; அந்த விதி 2025 வரை இருந்தது. உப்பளம் தொழிற்சாலையாகுமா என்று வழக்கு நடந்து, ஆகும் என்று 1961 இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பும் சொல்லிற்று. இத்தனையும் இருந்து என்ன? உப்பளம் சின்னச் சின்னக் குத்தகைகளாகப் பிரிந்து கிடந்தால் ஒவ்வொன்றிலும் பத்துப்பேர், பதினைந்து பேர். கணக்கு முப்பதுக்கு வந்ததேயில்லை. வானத்திலிருந்து பார்த்தால் ஆயிரம் பெண்கள். சட்டப் புத்தகத்திலிருந்து பார்த்தால் ஒருத்திகூட இல்லை! கிராமத்து வேலை உறுதிக்காக 2005 இல் செய்த சட்டம் இதைவிட மேல். ஐந்து குழந்தைகள் சேர்ந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியைக் குழந்தைகளைப் பார்க்க நிறுத்தி, அவளுக்கும் அதே கூலி கொடுக்கவேண்டும் என்று அதில் எழுதினார்கள். கூலி கொடுக்கிறவன் பெயரை எண்ணாமல் குழந்தையை எண்ணிய சட்டம் அது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டம். உப்பளத்துக்கு ஏன் அந்தக் கணக்கு ஆகாது?

கல்வி உரிமைச் சட்டம் என்று 2009 இல் ஒன்று செய்தார்கள். நல்ல சட்டம். ஆனால் அது ஆறு வயதில் தொடங்குகின்றது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சர்க்கார் ஏற்பாடு "செய்யலாம்" என்று எழுதினார்களே தவிர, "செய்யவேண்டும்" என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லில் மூன்று வருஷம் அடங்கியிருக்கின்றது. அந்த மூன்று வருஷத்தையும் தாயின் தலையிலும் அக்காளின் இடுப்பிலும் ஏற்றிவிட்டார்கள்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா? பணத்துக்கு எங்கே போவது?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்பார்கள். ராபர்ட் ஓவன் என்பவர் மதங்களைக் கண்டித்துப் பேசிய ஒரு பஞ்சாலை முதலாளி. அவர் 1816 இல், ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்ற ஊரில், நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கெல்லாம் ஆலைப் பக்கத்திலேயே பள்ளி வைத்தார். அடியில்லை, மிரட்டலில்லை, பாட்டும் ஆட்டமும்தான் பாடம். இரண்டாவது உலக யுத்தத்தில் ஆண்கள் சண்டைக்குப் போனவுடன் அமெரிக்கச் சர்க்கார் பெண்களை ஆலைக்கு அழைத்து, அவர்கள் குழந்தைகளுக்குக் காப்பகங்கள் திறந்தது. யுத்தம் முடிந்தது, 1946 இல் சர்க்கார் பணத்தை நிறுத்திவிட்டது. பீரங்கி செய்யப் பெண் வேண்டுமென்றால் தொட்டிலுக்குப் பணம் வருகின்றது. பெண் தன் வயிற்றுக்குச் சம்பாதிக்க வேண்டுமென்றால் வருவதில்லை! கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 1997 இல் நாளுக்கு 5 டாலரில் குழந்தையை விடலாம் என்று செய்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் தொகை அங்கே நன்றாகப் பெருகிற்று. ஆகவே பணமில்லை என்பது சாக்கு. மனமில்லை என்பதுதான் உண்மை.

இனி வேலைக்கு வருவோம். வேலைவாய்ப்பு ஆபீஸ் என்பது 1945 இல் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக ஏற்பட்டது. பிறகுதான் எல்லாருக்கும் திறந்தார்கள். 1959 இல் ஒரு சட்டம் செய்து, காலியிடங்களை அந்த ஆபீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றார்கள். தெரிவித்தால் போதும்; அங்கே பதிந்தவனைத்தான் எடுக்கவேண்டும் என்ற நிபந்தனையில்லை! இது எப்படியென்றால், கல்யாண வீட்டுக்காரன் பத்திரிகை கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதுபோல் இருக்கின்றது. பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தவனுக்குத் தமிழ்நாட்டுச் சர்க்கார் உதவித்தொகை வைத்தது: பத்தாவது தேறினால் மாதம் 300 ரூபாய், பட்டம் பெற்றிருந்தால் 600 ரூபாய். இல்லாததற்கு இது மேல்தான். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 600 ரூபாய் ஒருவனை ஒரு மாதம் காத்திருக்க வைக்குமே தவிர, வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

நம் ஊருக்கு வேலை வராமலும் இல்லை. வியட்நாம்காரர்களின் வின்பாஸ்ட் மோட்டார் கார் தொழிற்சாலை, 2024 பிப்ரவரியில் இங்கே அஸ்திவாரம் போட்டு, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் தம்பியைச் சுமந்ததால் ஆறாம் வகுப்பில் நின்றுபோன உப்பளத்துப் பெண்ணை எந்தக் கார் தொழிற்சாலை கூப்பிடும்? அவளுக்கு வேலை மறுத்தவன் இன்றைய முதலாளியல்ல. பத்து வருஷத்துக்கு முன் தொட்டிலை மறுத்தவன். இதனால்தான் மூன்றும் ஒரே சங்கதி என்கிறோம். தொட்டிலில்லாத ஊரில் பள்ளிக்கூடம் பாதிப் பள்ளிக்கூடம். பாதிப் பள்ளிக்கூடமுள்ள ஊரில் வேலைவாய்ப்பு ஆபீஸ் வெறும் பெயர்ப் புத்தகம். சர்க்காரோ ஒன்றை ஒரு இலாகாவிலும், மற்றொன்றை வேறொரு இலாகாவிலும் வைத்துக்கொண்டு, ஒருவர் காரியம் ஒருவருக்குத் தெரியாமல் நடத்துகின்றது.

ஆதலால் நாம் கேட்பது மூன்று. ஒன்று, உப்பளம் இருக்குமிடமெல்லாம், குத்தகைக்காரன் யாராயிருந்தாலும், குழந்தைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, வேலை தொடங்கும் நேரத்துக்கே திறக்கும் காப்பகம் வேண்டும். அதில் வேலை பார்ப்பதற்கு அந்த ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து எடுக்கவேண்டும். இரண்டு, பள்ளியை விட்டு நின்ற பெண்ணை அதிகாரி தேடிப்போய், ஏன் நின்றாள் என்று விசாரித்து, அந்தக் காரணத்தை நீக்கவேண்டும். தகப்பனுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினால் போதாது. மூன்று, மழை மாதங்களில் உப்பளம் நிற்கும்போது நிவாரணம் கொடுப்பதோடு நில்லாமல், அந்த மாதங்களில் கூலியோடு கூடிய தொழிற்பயிற்சி கொடுக்கவேண்டும்.

இவைகளைச் சர்க்கார் தானாகச் செய்துவிடும் என்று நாம் நம்பவில்லை. குலக்கல்வி போனதும் தானாகப் போகவில்லை. மக்கள் போகச் செய்தார்கள். ஆகவே, அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் பெண்கள் போகவேண்டும். ஊரில் எத்தனை கைக்குழந்தைகள், எத்தனை பெண்கள் பள்ளியை விட்டு நின்றிருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். கொடைக்கும் தேருக்கும் வரி போட வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தெரிந்த நமக்கு இது தெரியாதா? ஆண்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். காப்பகம் வருகிறவரை தம்பியைத் தங்கச்சி சுமக்கவேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. அண்ணனும் சுமக்கலாம், தகப்பனும் சுமக்கலாம், இடுப்பு எல்லாருக்கும் இருக்கின்றது.

நாம் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் தெருவில் பள்ளிக்கு நின்றுபோன ஒரு பெண்ணைப் பார்த்து, ஏனம்மா நின்றாய் என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலோடு நாம் சொன்னதை ஒத்திட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் மட்டும் காரியத்தில் இறங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.