இளமை ஊசியும் இன்சுலின் ஊசியும்

(மலையகத் தோட்டங்களில் இருந்து உடுப்பிட்டிக்கு வந்திருந்த குடும்பங்களுடனான சந்திப்பில் ஆற்றிய உரை)



நாங்கள் உடுப்பிட்டி, மந்திகைப் பக்கங்களில் தாதிகளாகவும் மருந்து கொடுப்பவர்களாகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் லீவில் வரும்போது சொக்கிலேட்டோடு சேர்த்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் இப்போது எங்கள் ஊருக்கு வருகிறது. “அப்பா, இதைப் போடுங்கோ, பத்து வயசு குறையும்” என்கிறார்கள். உங்கள் பக்கம் அது பெட்டியில் வராது. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளையின் கைபேசியில் விளம்பரமாக வரும். பெயர் ஒன்றுதான்: பெப்டைட் சிகிச்சை.

பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பருப்பிலும் முட்டையிலும் நெத்தலியிலும் உள்ள புரதம் ஒரு நீண்ட மணிமாலை போன்றது. மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். மாலை சின்னதாக இருந்தால் அது பெப்டைட். நம் உடம்பே பல பெப்டைட்டுகளைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற அம்மாமாரில் பெரும்பாலானோர் பெப்டைட் ஊசி கண்டவர்கள்தான். பிள்ளை பிறந்ததும் இரத்தப் போக்கைக் கட்டுப்படுத்த மிஸ்ஸி போடுவாரே, அந்த ஒக்சிடோசின் 9 மணி கொண்ட பெப்டைட். 1953 இல் அதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய வின்சென்ட் டு வின்யோ என்பவருக்கு 1955 இல் நோபல் பரிசு கிடைத்தது. சீனி வியாதிக்காரர் போடும் இன்சுலினும் இதே குடும்பம், 51 மணி. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் அது முதலில் ஏற்றப்பட்டது. அதற்கு முன் அந்த நோய் வந்த பிள்ளைகள் உருகி உருகிச் செத்தார்கள். எலும்பு தேய்ந்து முறிகிறவர்களுக்கு டெரிபாரடைட் என்று ஒன்று உண்டு, 34 மணி. இவை எல்லாம் பெயர் சொல்லக்கூடிய ஒரு நோய்க்கு, அளவு சொல்லி, சோதித்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்துகள்.

அப்போ இளமை ஊசி எங்கே இருந்து வந்தது? 1990 இல் அமெரிக்காவில் 60 வயது தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹோர்மோன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கொழுப்புக் குறைந்தது, தசை கூடியது. பன்னிரண்டே பேர்! அவர்களுடைய ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. ஆனால் வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஹோர்மோனைத் தூண்டும் பெப்டைட்டுகள், காயம் ஆற்றும் என்று சொல்லும் பிபிசி-157 என்று வரிசையாக வந்தன. பிபிசி-157 பற்றிய சோதனைகளில் பெரும்பகுதி எலிகளில் நடந்தவை. 2022 இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு விளையாட்டு வீரர்களுக்கு அதைத் தடை செய்தது. இப்படியான குப்பிகள் பலவற்றின் லேபலைக் கண்ணாடி போட்டு வாசித்தால், ‘ஆய்வுக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கும். விற்கிறவர் தன்னைக் காப்பாற்ற எழுதி வைத்தது அது.

உள்ளே இருப்பது அந்த மருந்துதானா, கிருமி இல்லாததா, எவ்வளவு செறிவு என்று பார்த்தவர் யாரும் இல்லை. வளர்ச்சியைத் தூண்டும் மருந்து, உடம்பில் ஒளிந்திருக்கும் புற்றுக் கட்டியையும் வளர்த்துவிடுமோ என்ற கவலை மருத்துவர்களுக்கு உண்டு. ஒரே லயத்தில் நாலு பேர் ஒரு ஊசியைப் பகிர்ந்தால் வரும் நோய்களைச் சொல்லத் தேவையில்லை.

இனிச் சட்டம். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையில் மருந்து இறக்குமதி செய்யவும் விற்கவும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு வேண்டும். இன்சுலினுக்கு, ஒக்சிடோசினுக்கு அது இருக்கிறது. முகநூலில் விற்கிறவரிடம் “பதிவு இலக்கம் என்ன? பில் தருவீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். வெளிநாட்டில் இருந்து பெட்டியில் வந்தது என்பதற்காக ஒரு மருந்து சட்டபூர்வம் ஆகிவிடாது.

“பதிவு இருந்தால் மட்டும் சரியா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 இல் அரச ஆஸ்பத்திரிகளுக்கே தரமற்ற இமியூனோகுளோபுலின் குப்பிகள் போலி ஆவணங்களோடு போனதாக வழக்கு வந்தது. கொள்வனவு நடந்தபோது சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். காவல் இருக்கிற வீட்டிலேயே களவு போகிறது. ஆனால் அங்கே கணக்கு இருந்தது, கேட்க ஆள் இருந்தது, பிடிபட்டது. கைபேசியில் வாங்கிய குப்பிக்கு எந்தக் கணக்கும் இல்லை.

எங்களை உண்மையில் உறுத்துவது வேறொன்று. “அந்த ஊசி வந்ததும் இன்சுலினை நிறுத்திட்டேன்யா, ரெண்டு ஊசி எதுக்கு?” என்று சொல்கிறவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் சிலருக்குச் சில நாட்களிலேயே உயிர் ஆபத்து. பாவிக்காத குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். திறந்த குப்பியைப் பெரும்பாலும் நாலு கிழமை வரை, வெயில் படாமல், அடுப்படிக்குத் தள்ளி வைத்துப் பாவிக்கலாம். மலைக் குளிர் உங்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் உதவி.

ஊழியர் சேமலாப நிதி, பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். முழங்கால் வலியும் மூச்சு வாங்கலும் தொடங்குகிற அதே வயது. ஊசி விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பணத்தில் முதலில் கண் சோதனை, சீனி, பிரஷர் சோதனை. வீட்டில் கிழமைக்கு நாலைந்து முட்டை, பருப்பு. புகையிலை போட்ட வெற்றிலையைக் குறைப்பது. இதற்குப் பெரிய செலவு இல்லை. வலி தாங்க முடியாவிட்டால் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிப் போங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். யாருடைய பையிலாவது இப்போதே அப்படியொரு குப்பி இருந்தால் வெட்கப்படாமல் மேசையில் வையுங்கள். லேபலைச் சேர்ந்து வாசிப்போம்.